டை ஸ்பிரிங், மோல்டு ஸ்பிரிங் தேர்வு: டர்பன் டூல் ரூம்களுக்கான கேள்வி பதில்கள்

பிராஸ்பெக்டன், ஜேக்கப்ஸ், மொபெனி, பைன்டவுன், நியூ ஜெர்மனி என்று டர்பனைச் சுற்றியுள்ள பிரஸ் ஷாப்களிலும் பிளாஸ்டிக் மோல்டிங் ஆலைகளிலும் டூல்மேக்கர்களும் செட்டர்களும் கொள்முதல் பிரிவினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. டை என்பது பிரஸ்ஸில் தகட்டை வெட்டி வடிவமைக்கும் கருவி, மோல்டு என்பது பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சு. இங்கே ஸ்பிரிங் என்பது செவ்வகக் கம்பியில் சுற்றிய, நிறம் பூசிய அமுக்க ஸ்பிரிங். வட்டக் கம்பி ஸ்பிரிங் வேறு கணக்கு.

உடைந்தது மஞ்சள் ஸ்பிரிங். அதே விட்டத்தில் இன்னொரு மஞ்சள் வாங்கிப் போட்டால் போதாதா?

போதாது. நம் ஊரில் ஸ்பிரிங் விஷயத்தில் நடக்கும் தவறுகளில் மிகவும் ஆபத்தானது இதுதான். நிறத்துக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான பொருள் கிடையாது.

சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 10243இல் பச்சை இலகு, நீலம் நடுத்தரம், சிவப்பு கனம், மஞ்சள் மிகக் கனம். ஜப்பானின் ஜேஐஎஸ் தரத்தில் மஞ்சள்தான் எல்லாவற்றிலும் இலகு. அடுத்து நீலம், சிவப்பு, பச்சை என்று ஏறி, பழுப்பில் முடிகிறது. அதாவது ஐஎஸ்ஓவில் மிகவும் விறைப்பான நிறம் ஜேஐஎஸ்ஸில் மிகவும் மென்மையான நிறம். அமெரிக்கப் பழக்கத்தில் நீலம், சிவப்பு, தங்க நிறம், பச்சை என்ற வரிசையில் பலம் கூடும். அங்கே பச்சைதான் உச்சம்.

ஜப்பானிய வழியில் வடிவமைத்த டையும் ஐரோப்பிய வழியில் வடிவமைத்த டையும் ஒரே ரேக்கில் இருப்பது தென்னாப்பிரிக்காவின் வாகன உதிரிபாக ஆலைகளில் சாதாரணம். டர்பனில் டொயோட்டா, கரியேகாவில் ஃபோக்ஸ்வாகன் என்று இரு பக்கமும் வேலை எடுக்கும் ஆலையில் இந்தக் குழப்பம் வந்தே தீரும். ஜேஐஎஸ் மஞ்சள் இருந்த இடத்தில் ஐஎஸ்ஓ மஞ்சளைப் போட்டால், நீளத்தில் 40 சதவீதம் அமுங்க வேண்டிய இடத்தில் 25 சதவீதத்துக்கு மேல் தாங்காத ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். பிரஸ்ஸின் முதல் அடியிலேயே சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டும். ஸ்பிரிங் உடையும், இல்லையென்றால் ஸ்ட்ரிப்பரின் (பஞ்சிலிருந்து தகட்டைக் கழற்றும் தட்டின்) போல்ட் அறுந்து போகும். மாற்றிப் போட்டால் எதிர்ப் பிரச்சினை: விசை போதாமல் தகடு பஞ்சிலேயே (தகட்டை வெட்டும் மேல் கருவியிலேயே) ஒட்டிக்கொண்டு மேலே போகும், அடுத்த அடியில் இரட்டைத் தகடு.

கையில் இருக்கும் ஸ்பிரிங் எந்தத் தரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெர்னியரால் நீளத்தை அளந்து பாருங்கள். ஐஎஸ்ஓ நீளங்கள் அங்குலத்திலிருந்து வந்தவை: 25, 32, 38, 44, 51, 64, 76, 89, 102, 115, 127 என்று போகும். ஜேஐஎஸ் நீளங்கள் 5 அல்லது 10 மி.மீ. பெருக்கங்கள். 64 என்று காட்டினால் ஐஎஸ்ஓ அல்லது அமெரிக்கா. 60, 65, 70 என்றால் ஜப்பான். பழைய ஸ்பிரிங் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறுகியிருக்கக்கூடும், அதை மனதில் வையுங்கள்.

பிறகு விட்டம். ஐஎஸ்ஓ வரிசை 10, 12.5, 16, 20, 25, 32, 40, 50, 63. ஜேஐஎஸ்ஸில் 14, 18, 22, 27, 30, 35 போன்றவை உண்டு. 16, 20, 25, 40, 50 இரண்டிலும் வரும்; ஏமாறுவதும் அங்கேதான். அப்போதும் சந்தேகம் தீரவில்லை என்றால் லோடு செல் வைத்த கைப் பிரஸ்ஸில் சரியாக 10 மி.மீ. அமுக்கி, விசையைப் பத்தால் வகுத்து, வரும் விறைப்பை (ஒரு மி.மீ. அமுக்கத் தேவையான விசையை) இரண்டு கேட்டலாக்குகளோடும் ஒப்பிடுங்கள். ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு காவல் குழாய் வைத்துவிட்டே அமுக்குங்கள்.

புதிய டைக்கு எதை முதலில் முடிவு செய்வது: விசையா, விட்டமா, நீளமா?

எவ்வளவு தூரம் அமுங்க வேண்டும் என்பதை முதலில். அது நீளத்தைத் தீர்மானிக்கும். விசை அதற்குப் பிறகுதான். பெரும்பாலானவர்கள் விசையில் தொடங்கி, கடைசியில் இருக்கிற இடத்தில் குட்டை ஸ்பிரிங்கைத் திணிக்கிறார்கள். சீக்கிரம் உடையும் ஸ்பிரிங்குகளில் பெரும் பகுதி இப்படித் திணிக்கப்பட்டவை.

மொத்த அமுக்கம் மூன்று பகுதிகளின் கூட்டல்: பொருத்தும்போதே கொடுக்கும் முன் அமுக்கம், வேலை செய்யும் ஸ்ட்ரோக், பஞ்சைச் சாணை பிடிப்பதற்கான இருப்பு. மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். பஞ்ச் 1 மி.மீ. தேய்ந்தால் ரேமை (பிரஸ்ஸில் மேலும் கீழும் நகரும் பகுதியை) 1 மி.மீ. கீழே இறக்குகிறோம், ஸ்ட்ரிப்பரைத் திருத்தாவிட்டால் அந்த 1 மி.மீ. ஸ்பிரிங்கின் தலையில்தான் விழும். புதிதாக இருந்தபோது நன்றாக ஓடிய டை ஐந்தாறு சாணைக்குப் பிறகு ஸ்பிரிங்கைத் தின்ன ஆரம்பிப்பது இதனால்தான்.

ஐஎஸ்ஓ ஸ்பிரிங்குகளுக்கு முழு நீளத்தில் எத்தனை சதவீதம் அமுக்கலாம் என்பதற்குப் பொதுவான கேட்டலாக் எண்கள்: பச்சைக்கு நீண்ட ஆயுள் வேண்டுமானால் 25, வழக்கமான வேலைக்கு 30, உச்சம் 40. நீலத்துக்கு 25, 30, உச்சம் 37.5. சிவப்புக்கு 20, 25, உச்சம் 30. மஞ்சளுக்கு 17, 20, உச்சம் 25. ஜப்பானியப் பட்டியல்களில் மஞ்சளைப் பத்து லட்சம் அடிக்கு 40, மூன்று லட்சம் அடிக்கு 50 வரை அனுமதிக்கிறார்கள். பழுப்புக்கு அதே வரிசையில் 16, 20. உச்சம் என்று அச்சிட்டிருப்பது வேலை செய்யும் இடமல்ல. அங்கே ஓட்டினால் ஆயுளைப் பற்றி யாரிடமும் கேட்க முடியாது.

ஆயுளை நாட்களாக மாற்றிப் பாருங்கள். நிமிடத்துக்கு 60 அடி ஓடும் பிரஸ் பத்து லட்சம் அடியைச் சுமார் 278 மணி நேரத்தில், அதாவது 35 ஷிப்ட்டில், முடித்துவிடும். 30 விநாடிக்கு ஒரு ஷாட் (ஒரு முறை வார்ப்பது) போடும் மோல்டு இரவு பகல் ஓடினாலும் அதே எண்ணுக்கு 347 நாள் பிடிக்கும். அதனால் மோல்டில் தாராளமாக எடுக்கும் சதவீதத்தைப் பிரஸ் டையில் எடுக்கக்கூடாது.

ஒரு கணக்கு போட்டுக் காட்ட முடியுமா?

மைல்டு ஸ்டீல் தகடு, கனம் 1.2 மி.மீ., வெட்டும் சுற்றளவு 200 மி.மீ., வெட்டு வலிமை 320 மெகாபாஸ்கல் என்று வைப்போம். வெட்டு விசை 200 × 1.2 × 320 = 76,800 நியூட்டன். பஞ்சிலிருந்து தகட்டைக் கழற்ற அதில் 10 சதவீதம், சுமார் 7,700 நியூட்டன் வேண்டும். பஞ்சுக்கும் டைக்கும் இடைவெளி குறைவாக இருந்தாலோ, துளைகள் நெருக்கமாக இருந்தாலோ 15 முதல் 20 சதவீதம் வரை எடுங்கள்.

முன் அமுக்கம் 4, ஸ்ட்ரோக் 5, சாணை இருப்பு 5: மொத்தம் 14 மி.மீ. ஆறு ஸ்பிரிங் போட இடமிருக்கிறது என்றால் ஒவ்வொன்றும் 1,280 நியூட்டன் தர வேண்டும். புதிய டையில் பஞ்ச் கீழே இருக்கும்போது அமுக்கம் 9 மி.மீ. மட்டுமே, சாணை இருப்பு இன்னும் தொடப்படவில்லை. ஆகவே விறைப்பு 1,280 ÷ 9 = மி.மீ.க்கு 142 நியூட்டன். சிவப்பு வரிசையில் 64 மி.மீ. நீளம் எடுத்தால் 14 மி.மீ. என்பது 22 சதவீதம். நீண்ட ஆயுளுக்கான 20ஐத் தாண்டிவிட்டது. 76 மி.மீ. நீளத்துக்குப் போனால் 18 சதவீதத்துக்கு இறங்கும். ஆனால் அதே நிறம், அதே விட்டத்தில் நீளம் கூடினால் விறைப்பு குறையும். எனவே எட்டு ஸ்பிரிங்காக மாற்றிக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்: 7,700 ÷ 8 ÷ 9 = 107 நியூட்டன். இந்த எண்ணோடு கேட்டலாக்கைத் திறந்தால் விட்டம் தானாக வந்து நிற்கும்.

இன்னும் ஒன்று பாக்கி. எல்லாச் சாணையும் முடிந்த நிலையில் எட்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து 8 × 107 × 14, ஏறக்குறைய 12,000 நியூட்டன் எதிர்க்கும். அதை வெட்டு விசையோடு கூட்டினால் 89 கிலோ நியூட்டன், அதாவது 9 டன். பிரஸ்ஸின் கொள்ளளவை இந்த எண்ணை வைத்துப் பாருங்கள், வெட்டு விசையை மட்டும் வைத்து அல்ல.

முன் அமுக்கம் இல்லாமல் விட்டால் என்ன?

ஸ்பிரிங் துளைக்குள் தளர்ந்து ஆடும். ஒவ்வொரு அடியிலும் முனைகள் மோதும். பொருத்தும்போது குறைந்தது முழு நீளத்தின் 5 சதவீதம் அமுங்கியிருக்க வேண்டும். மெல்லிய தகட்டில் இன்னொரு காரணமும் உண்டு: பஞ்ச் தொடும் முன்பே தகட்டை இறுக்கிப் பிடிக்கக் கிடைக்கும் விசை முன் அமுக்கத்தினுடையது மட்டும்தான். மேலே போட்ட கணக்கில் அது 8 × 107 × 4, சுமார் 3,400 நியூட்டன். தகடு வளைந்து வந்தால் முதலில் இந்த எண்ணைச் சரிபாருங்கள்.

துளையும் வழிகாட்டித் தண்டும் எந்த அளவில்?

ஐஎஸ்ஓ கேட்டலாக்கில் 25 என்று இருந்தால் அது துளையின் விட்டம். ஸ்பிரிங்கின் வெளி விட்டம் அதைவிடச் சற்றுக் குறைவாகவே செய்யப்பட்டிருக்கும். அதற்கு 12.5 தண்டு, 20க்கு 10, 32க்கு 16, 40க்கு 20, 50க்கு 25. 63க்கு மட்டும் 38. வேறு தயாரிப்பாளரின் பட்டியல் என்றால் அந்த எண் துளையைக் குறிக்கிறதா, ஸ்பிரிங்கின் வெளி விட்டத்தையா என்று பார்த்துவிட்டுத் துளையிடுங்கள். அமுங்கும்போது ஸ்பிரிங் சற்றுப் பருக்கும். இறுக்கமான துளையில் அது சுவரை உரசும்.

டிரில் போட்டு அப்படியே விட்ட துளையின் அடி கூம்பாக இருக்கும். ஸ்பிரிங்கின் முனை அதில் தட்டையாக உட்காராது, முதல் சுற்றின் மேல் பாரம் சாய்ந்து விழும். எண்ட் மில்லால் அடியைத் தட்டையாக்குங்கள், வாயின் விளிம்பைச் சரிவாக வெட்டி சாம்ஃபர் செய்யுங்கள். கீழ் டையில் துளை இருந்தால் அடியில் ஒரு சிறு வடிகால் துளை போடுங்கள். எண்ணெயும் வெட்டுத் துண்டும் தேங்கினால் ஸ்பிரிங்குக்குரிய இடம் குறைந்து, கணக்கில் இருந்த 14 மி.மீ. உண்மையில் 18 ஆகிவிடும்.

நீளம் விட்டத்தைப் போல் நான்கு மடங்குக்கு மேல் போனால் தண்டு இல்லாமல் போடாதீர்கள். நடுவில் வளையும்.

இஞ்செக்‌ஷன் மோல்டில் எஜெக்டர் தட்டைத் திருப்பும் ஸ்பிரிங்குக்கு இதே முறைதானா?

எஜெக்டர் தட்டு என்பது வார்த்த பொருளை மோல்டிலிருந்து பின்களால் வெளியே தள்ளும் தட்டு. அடிப்படை அதே. ஆனால் இங்கே விசை சிறியது, ஸ்ட்ரோக் பெரியது. 300 × 250 மி.மீ. அளவில் இரண்டு எஜெக்டர் தட்டுகள், மொத்தக் கனம் 45 மி.மீ. என்றால் எடை சுமார் 26 கிலோ, 260 நியூட்டன். கிடைமட்ட மெஷினில் இந்த எடையைத் தூக்க வேண்டியதில்லை, ஆனால் பின்களின் உராய்வை வெல்ல வேண்டும். முன் அமுக்க நிலையிலேயே எடையைப் போல் இரண்டு மடங்கு, 520 நியூட்டன் இருந்தால் நிம்மதி. நான்கு ஸ்பிரிங் என்றால் ஒவ்வொன்றுக்கும் 130.

ஸ்ட்ரோக் 40, முன் அமுக்கம் 10, மொத்தம் 50 மி.மீ. விறைப்பு மி.மீ.க்கு 13 நியூட்டன். ஐஎஸ்ஓ பச்சையில் 178 மி.மீ. நீளம் எடுத்தால் 28 சதவீதம், நல்ல எண். ஆனால் முழுவதும் அமுங்கிய நிலையில் அது 128 மி.மீ. இருக்கும். தட்டு முன்னால் போய் நிற்கும்போது 5 மி.மீ. இடைவெளி மிஞ்சுகிறது என்றால், மேலே உள்ள தட்டுகளில் 123 மி.மீ. ஆழத்துக்குக் குழி தோண்ட வேண்டும். பெரும்பாலான மோல்டுகளில் அந்த ஆழத்தில் தண்ணீர் வழி குறுக்கே வந்துவிடும். ஜேஐஎஸ் மஞ்சளில் 125 மி.மீ. எடுத்தால் 40 சதவீதம், அதற்கு அனுமதி உண்டு; அமுங்கிய நீளம் 75, குழி 70 போதும். மோல்டு செய்பவர்கள் ஜப்பானிய மஞ்சளை விரும்புவதற்குக் காரணம் இந்த இடச் சிக்கனமே. அதை உடைந்த பிறகு ஐஎஸ்ஓ மஞ்சளால் மாற்றினால் என்ன ஆகும் என்பது முதல் பதிலில் இருக்கிறது.

ஸ்பிரிங்கை ரிட்டர்ன் பின்னின் (தட்டைத் திருப்பும் பின்னின்) மேலேயே மாட்டலாம், இல்லை தனித் தண்டு கொடுக்கலாம். நான்கு மூலைக்கும் ஒரே ஸ்பிரிங், சமச்சீராக. இரண்டு மூலை மட்டும் போட்டால் தட்டு கோணி, பின்கள் துளைகளைத் தின்னும்.

ஸ்பிரிங் தட்டை முழுவதும் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்று நம்பலாமா?

எஜெக்டர் பின்னுக்கு மேலே ஸ்லைடு (பக்கவாட்டில் நகரும் மோல்டுப் பகுதி) வரும் மோல்டு என்றால் கண்டிப்பாக நம்பாதீர்கள். ஸ்பிரிங் ஒன்று உடைந்தால் போதும், மோல்டு மூடும்போது ஸ்லைடு பின்னில் மோதும். முன்கூட்டியே திருப்பும் எந்திர அமைப்பும், தட்டு திரும்பியதை உறுதி செய்யும் லிமிட் சுவிட்சும் வேண்டும். மின்வெட்டில் கரண்ட் போய், மோல்டு திறந்து எஜெக்டர் முன்னால் நிற்கும் நிலையில் மெஷின் நின்றிருந்தால், திரும்ப ஓட்டும் முன் அந்த சுவிட்சின் விளக்கைக் கண்ணால் பார்த்துவிட்டு மூடுங்கள். சுவிட்சை பைபாஸ் செய்து ஓட்டும் வழக்கம் எங்கே இருந்தாலும் இன்றே நிறுத்துங்கள்.

உடைந்த ஸ்பிரிங்கைப் பார்த்துக் காரணம் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். குப்பையில் போடும் முன் துடைத்துப் பாருங்கள்.

முனையிலிருந்து ஒன்று, ஒன்றரைச் சுற்றில் முறிந்திருந்தால் உட்காரும் இடம் தட்டையாக இல்லை, அல்லது முன் அமுக்கம் போதவில்லை. வெளிப்பக்கம் ஒரு பக்கமாகப் பளபளத்தால் துளை சிறியது அல்லது ஸ்பிரிங் வளைகிறது. உள்பக்கம் பளபளத்தால் தண்டு பெரியது. சுற்றுகளின் எதிரெதிர் முகங்களில் பெயின்ட் போய் இரும்பு மின்னினால் அவை முட்டுகின்றன, அமுக்கம் அதிகம். உடையாமல் நீளம் மட்டும் குறைந்திருந்தால் அதிக அமுக்கமோ சூடோ காரணம்: குரோம் வனேடியம் ஸ்பிரிங்குக்குச் சுமார் 200 டிகிரி செல்சியஸ் என்று எல்லை சொன்னாலும், அமுங்கிய நிலையில் சூட்டில் நிற்கும் எந்த ஸ்பிரிங்கும் அதற்கு வெகு முன்பே மெல்ல மெல்ல விசையை இழக்கும்.

முறிவில் துருப்பிடித்த ஒரு சிறு குழியிலிருந்து விரிசல் விசிறிபோல் விரிந்திருந்தால் அது நம் கடற்காற்றின் வேலை. ஸ்பிரிங்கின் மேற்பரப்பை உருண்டைக் குண்டு அடித்து இறுக்கியிருப்பார்கள். அயர்வு முறிவை (திரும்பத் திரும்பப் பாரம் ஏறி இறங்குவதால் வரும் முறிவை) தடுப்பது அந்த மெல்லிய தோல்தான். துருக் குழி அதைத் துளைத்துவிடுகிறது. குளிர்ந்த தண்ணீர் ஓடும் மோல்டில் டர்பனின் ஈரக்காற்று வியர்த்துக் குழிகளில் சொட்டும், எனவே மோல்டைக் கழற்றும் முன் தண்ணீரை நிறுத்திச் சில ஷாட் ஓட்டி உலர்த்தி, துருத் தடுப்பு எண்ணெய் தெளியுங்கள். துருவை ஆசிடில் கழுவவோ, ஸ்பிரிங்குக்கு ஜிங்க் முலாம் பூசவோ வேண்டாம். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகைக் கண்ணாடிபோல் நொறுங்க வைக்கும்.

நீளமாக இருக்கிறது, வெட்டிக்கொள்ளலாமா? இரண்டு குட்டையை ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கலாமா?

வெட்டக்கூடாது. கிரைண்டரின் சூடு பதத்தைக் கெடுக்கும், முனை தட்டையாக வராது, சுற்று குறைவதால் விறைப்பும் மாறும். வெளி விட்டத்தைச் சாணை பிடிப்பதும் அப்படியே.

அடுக்குவது அவசரத்துக்கு மட்டும்: ஒரே வகை இரண்டு, நடுவில் வாஷர், உள்ளே முழு நீளத் தண்டு. விறைப்பு பாதியாகும் என்பதை மறக்காதீர்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகினால் ஒன்று இடச் சுற்று, மற்றது வலச் சுற்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சுற்றுகள் ஒன்றிலொன்று மாட்டிக்கொள்ளும்.

எட்டில் ஒன்றுதான் உடைந்தது. ஒன்றை மட்டும் மாற்றலாமா?

எட்டையும் மாற்றுங்கள். மற்ற ஏழும் அதே எண்ணிக்கை அடி வாங்கியவை. ஒன்று போனபின் அதன் பாரத்தையும் சுமந்தவை. புதியதும் பழையதும் கலந்தால் ஸ்ட்ரிப்பர் சாயும், மெல்லிய பஞ்ச் வளையும். ஒரு பஞ்சின் விலையில் பல ஸ்பிரிங் வாங்கலாம். டிசம்பர் நடுவில் ஆலை மூடும்போது செட்டாக மாற்றுவதுதான் நல்ல நேரம். ஆனால் ஆர்டரை அக்டோபரிலேயே போடுங்கள், எல்லா ஆலைகளும் ஒரே வாரத்தில் தேடும். மூடும் நாட்களில் டையை முழுவதும் அமுங்கிய நிலையில் பிரஸ்ஸில் விடாதீர்கள்; ஸ்டோரேஜ் பிளாக் (டையின் இரு பாதிகளையும் விலக்கி வைக்கும் கட்டை) வைத்து இறக்குங்கள்.

கேஸ் ஸ்பிரிங்குக்கோ யூரித்தேனுக்கோ எப்போது போவது?

தொட்ட உடனே முழு விசை வேண்டும், இடமும் குறைவு என்றால் நைட்ரஜன் கேஸ் ஸ்பிரிங். டிராயிங் டையின் (தகட்டை இழுத்துக் கிண்ணம்போல் ஆக்கும் டையின்) பிளாங்க் ஹோல்டர், அதாவது தகட்டின் விளிம்பை அழுத்திப் பிடிக்கும் பகுதி, நல்ல உதாரணம். வழக்கமாக உச்சம் 150 பார் வரை நிரப்புவார்கள். சுமார் 80 டிகிரிக்கு மேல் சீல் தாங்காது, ஆகவே சூடான மோல்டுக்கு ஆகாது. அழுத்தத்தை வெளியேற்றாமல் திறக்கவோ, பக்கத்தில் வெல்டு அடிக்கவோ கூடாது.

யூரித்தேன் சிறிய ஸ்ட்ரோக், குறைந்த எண்ணிக்கை, அடையாளம் பதியக்கூடாத தகடு ஆகியவற்றுக்கு. அமுங்கும்போது பக்கவாட்டில் நிறையப் பருக்கும், துளையில் அதற்கு இடம் விடுங்கள். வேக பிரஸ்ஸில் உள்ளே சூடேறிப் பிளக்கும்.

ஆர்டரில் என்ன எழுத வேண்டும்?

தரத்தின் பெயர், துளை விட்டம், தண்டு விட்டம், முழு நீளம், விறைப்பு, எண்ணிக்கை. நிறத்தைக் கடைசியில் எழுதுங்கள், தரத்தின் பெயரோடு சேர்த்து: "ஐஎஸ்ஓ 10243, 25 × 12.5 × 64, சிவப்பு" என்பதுபோல். இதே வரியை டையின் மேலேயே ஸ்டாம்ப் அடித்துவிட்டால் இரவு ஷிப்ட்டில் யார் மாற்றினாலும் சரியானதுதான் உள்ளே போகும்.

கழற்றும்போது கவனிக்க வேண்டியது?

முன் அமுக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரிப்பர் தட்டின் போல்ட்டை ஒரு மூலையில் முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். மேலே போட்ட கணக்கின்படியே 3,400 நியூட்டன், ஏறக்குறைய 350 கிலோ விசை, தட்டுக்குப் பின்னால் காத்திருக்கிறது. கடைசி போல்ட் அந்த முழு பாரத்தையும் ஏந்தி, இரண்டு மூன்று புரியில் அறுந்து பறக்கும். டையை பெஞ்சில் கிளாம்பு அல்லது கைப் பிரஸ்ஸில் பிடித்து, எதிரெதிர் மூலையாகக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துங்கள். போல்ட்டின் நீளத்துக்குள் ஸ்பிரிங் முழுவதும் தளராது என்றால் இரண்டு நீளமான திரெட் ராடுகளை எதிர் மூலைகளில் மாட்டி, நட்டால் மெல்ல இறக்குங்கள். முகம் தட்டுக்கு நேராக இருக்கக்கூடாது, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். 1993ஆம் ஆண்டின் 85ஆம் எண் தொழில் நலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இதற்கான கருவியையும் பயிற்சியையும் தருவது ஆலையின் கடமை. திரெட் ராடு இல்லை என்றால் வேலையைத் தொடங்கும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.